முட்டைதான் இங்கே ரன்

கிரிக்கெட்டில் முட்டை வாங்கினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெவிலியன் திரும்ப வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் வீடுகளுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டத்தில் கணக்கே வேறு. அங்கே முட்டைதான் ரன். இட்டதில் எத்தனை பொரிந்தது, பொரிந்ததில் எத்தனை பறந்தது என்பதுதான் ஸ்கோர்.

நாமக்கல்லுக்கு முட்டை புதிதல்ல. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே முட்டைக்குப் பேர் போன ஊர் அது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் முட்டை விலை ஏறும், இறங்கும். பண்ணைக்குள் கம்பிக்கூண்டு, சரிவான தளம், முன்னால் உருண்டு வந்து நிற்கும் முட்டை, ட்ரேக்கு 30 என்று அடுக்கல். காக்கைக்கு அங்கே வேலையே இல்லை. அதே பண்ணையின் வேலிக்கு வெளியே, பொடக்காளியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் கொண்டைக்குருவி இட்டு வைத்த மூன்று முட்டைக்குக் கம்பியும் இல்லை, காவலாளும் இல்லை.

சித்திரையில் ஒன்றிரண்டு கோடை மழை விழுந்ததும் கூடு கட்டப் பறவைகளின் சுள்ளி பொறுக்கல் தொடங்கிவிடும். ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை முளைத்துப் புழு பூச்சி பெருகும்போது சீசன் சூடு பிடித்திருக்கும். களம் என்று தனியாக எதுவும் கிடையாது. முருங்கை, கொய்யா, செம்பருத்திப் புதர், ஓட்டுச் சந்து, துணி காயப்போடும் கம்பி, கிணற்றின் மேல் சாய்ந்த கருவேல மரம், எல்லாமே களம்தான்.

டெத் ஓவர்

ஒரு பந்துவீச்சைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நேரம் காலை ஏழு. கொண்டைக்குருவி ஜோடியில் ஒன்று வாயில் புழுவோடு வருகிறது. நேராகக் கூட்டுக்குப் போகாது. முதலில் கொய்யாக் கிளையில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். பிறகு மதில், அதன் பிறகுதான் கறிவேப்பிலைச் செடி. குஞ்சு எச்சம் கழிக்கும் வரை காத்திருந்து, அதையும் தானே விழுங்கிவிட்டுக் கிளம்பும். கூட்டின் அடியில் வெள்ளைக் கறை தெரிந்தால் துப்பு கொடுத்தது மாதிரி. இவ்வளவு முன்ஜாக்கிரதையையும் மின்கம்பத்து உச்சியிலிருந்து ஒரு காக்கை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது செடியைத் தேடுவதில்லை. குருவி எத்தனை முறை எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. நான்காவது நடையில் இறங்கும். ஜோடி இரண்டும் கத்தும், தலைக்கு மேல் பாயும். அரை நிமிடத்தில் கூடு காலி.

கடைசி ஓவர்களில் யார்க்கர் போட்டே இந்திய அணிக்குப் போன நடராஜனின் ஊர் சின்னப்பம்பட்டி, சேலம் மாவட்டம்தான். காக்கையின் பந்துவீச்சும் அந்த வகை. முட்டை அடையில் இருக்கும்போது தாய் அசையாமல் கிடக்கும்; கூடு இருப்பதே தெரியாது. குஞ்சு பொரிந்த பிறகு நடை கூடும், சத்தம் கூடும், ஆட்டம் கை நழுவும். கோஸ்டாரிகாவில் வாழ்ந்த பறவையியலாளர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949இல் இதை வைத்தே ஒரு கருத்தைச் சொன்னார். வெப்பமண்டலப் பறவைகள் குறைவாக முட்டையிடுவதற்குக் காரணம் இரைப் பஞ்சம் மட்டும் அல்ல. குஞ்சு பெருகினால் நடை பெருகும், நடை பெருகினால் திருடன் கண்ணில் படும் என்றார். கறிவேப்பிலைச் செடியின் மூன்று முட்டைக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

காக்கையோடு முடிவதில்லை தாக்கும் அணி. தரையிலிருந்து புதருக்குள் நுழைந்து கிளை கிளையாகத் தேடுவது செம்போத்து. தோப்பில் ஜோடியாக வரும் வால்காக்கை இன்னொரு தேர்ந்த கை. ராமர் முதுகில் கோடு போட்டதாகச் சொல்லி எல்லோரும் செல்லம் கொடுக்கும் அணிலும் வாய்ப்புக் கிடைத்தால் கொண்டைக்குருவியின் முட்டையைக் கடித்துப் பார்க்கும். கடிபட்டவன் சிதை எரிவதை மரத்தில் ஏறிப் பார்க்கும் என்று ஊர் கதை கட்டிய கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. அது மரம் ஏறுவது பல்லியையும் தவளையையும் தேடி. வழியில் கூடு கிடைத்தால் விடுவதில்லை. இருட்டிய பிறகு பூனை.

குயிலின் ரெய்டு

இப்படி ஊர் முட்டையை எல்லாம் திருடும் காக்கை, தன் கூட்டில் மட்டும் தோற்றுப் போகிறது. கபடியில் பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. குயிலுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.

கூவுவது ஆண் குயில். கருப்பு உடம்பு, சிவப்புக் கண். அது காக்கைக் கூட்டுக்கு அருகே வந்து வம்பிழுக்கும். காக்கை ஜோடி துரத்திக்கொண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெண் குயில் நுழைந்து, முட்டையிட்டுவிட்டு வெளியேறும். பாட்டுக்குப் பேர் வாங்குவது ஒருவர், பாயின்ட் எடுப்பது இன்னொருவர்.

அடுத்த வேலையைக் காலண்டர் பார்த்துக்கொள்ளும். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். முதலில் பொரிந்த குஞ்சுக்கு முதல் இரை. ஐரோப்பாவின் குக்கூ இதைவிட முரட்டு ஆட்டம் ஆடும். கண் திறக்காத குக்கூ குஞ்சு, கூட்டில் இருக்கும் மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடும். இதை 1788இல் எழுதி வைத்தவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர். நம் ஊர்க் குயில் குஞ்சு பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை. பக்கத்திலேயே வளரும் காக்கைக் குஞ்சுகள் சில பிழைப்பதும் உண்டு.

குயிலை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தவிட்டுக்குருவிக் கூட்டில் சுடலைக்குயில் இடும் முட்டை, அசல் முட்டையைப் போலவே நீலமாக இருக்கும். கூட்டமாகத் திரிந்து நாள் முழுக்கச் சலசலக்கும் தவிட்டுக்குருவிகளால் அந்த நகலைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

பொந்துக்கு அடிதடி

முட்டையைத் திருடுவது ஒரு வகை. முட்டையிட இடமே கொடுக்காமல் விரட்டுவது இன்னொரு வகை. இதில் மைனாவை அடிக்க ஆளில்லை.

பொந்து குடைய அதற்கு அலகு கிடையாது. மரங்கொத்தி குடைந்தது, கிளி தங்கியது, சுவரில் விட்ட ஓட்டை, கடை பெயர்ப்பலகையின் பின்புறம் எதுவானாலும் புகுந்துவிடும். உள்ளே நிரப்புவதற்கு வேர், நூல், காகிதம், சில சமயம் பாம்புச் சட்டை. ஏற்கெனவே குடியிருக்கும் பறவையின் குஞ்சை அலகால் பிடித்து வெளியே போடுவதைப் பறவையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிக் காலி செய்த கூட்டில் சில நேரம் அது குடியும் ஏறுவதில்லை. எதிராளியை வெளியேற்றுவதே அதற்கு ஒரு பாயின்ட் போலும்.

இந்தப் போட்டியில் அதிகம் நசுங்கியது சிட்டுக்குருவி. அடைக்கலக் குருவி என்ற பெயர் அதற்கு வீட்டுக்குள் கிடைத்தது. ஓட்டு வீட்டு விட்டத்திலும், சுவரில் சாய்ந்து தொங்கிய சாமி படத்தின் பின்னாலும் அது கூடு வைத்தது. மைனாவும் காக்கையும் அவ்வளவு உள்ளே வராது. கான்கிரீட் தளம் போட்டதும் அந்த மறைவிடங்கள் போயின. வெளியே மிஞ்சிய ஓட்டைகளுக்கு மைனாவோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று பள்ளிகளில் மரப்பெட்டி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெட்டியின் வாசலை அகலமாக வெட்டினால் குடியேறப் போவது மைனா. குறுக்களவு 32 மில்லிமீட்டர் இருந்தால் சிட்டுக்குருவி நுழையும், மைனா வெளியே நின்று எட்டிப் பார்க்கும்.

தடுப்பாட்டம் மூன்று விதம்

ஒன்று, ஒளிந்து ஆடுவது. தையல்சிட்டு இரண்டு மூன்று இலைகளை ஓரத்தில் துளையிட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்துத் தைக்கிறது. துளை மிகச் சிறியது என்பதால் இலை வாடாது, பழுக்காது. இலையின் மேற்புறமே வெளியே இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் தினமும் அதன் மேலேயே ஊற்றிக்கொண்டு, கூடு இருப்பது தெரியாமலே மாதத்தைக் கடத்துவார். தேன்சிட்டின் உத்தி வேறு. நூலாம்படை, பட்டைத் துணுக்கு, புழுக்கை எல்லாம் ஒட்டிக் காற்றில் ஆடும் குப்பை மாதிரி கூட்டைத் தொங்கவிடும். திருடன் குப்பை என்று நினைத்து விலகிப் போவான்.

இரண்டு, எட்டாத இடத்தில் ஆடுவது. பரமத்தி வேலூர்ப் பக்கம் கிணற்றுமேட்டில் நின்று பார்த்தால் முள்மரக் கிளை நுனியில், தண்ணீருக்கு மேலே, தூக்கணாங்குருவிக் கூடுகள் வரிசையாக ஆடும். வாசல் கீழ்ப்பக்கம், நீண்ட குழாய் போல. பாம்பு இறங்கினால் பிடிமானம் இல்லை, தவறினால் கிணறு. ஒரு கூட்டுக்கு ஆண் குருவி 500 நடை வரை நார் சுமக்கும்; முடிக்க ஏறக்குறைய 18 நாள். பாதி கட்டித் தலைக்கவசம் போல நிற்கும் நேரத்தில் பெண் குருவி வந்து சோதிக்கும். பிடிக்கவில்லை என்றால் அத்தனையும் வீண். 1930இல் மகாராஷ்டிரத்தின் கிஹிமில் உட்கார்ந்து இதைக் கவனித்த பறவையியலாளர் சாலிம் அலி, ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடு கட்டிப் பல துணைகளைச் சேர்ப்பதை விளக்கினார்.

மூன்று, அடியாள் வைத்து ஆடுவது. கரிச்சானைக் கொங்குப் பக்கம் கருவாட்டுவாலி என்பார்கள். வடக்கே அதற்குப் போலீஸ்காரர் என்று பொருள்படும் கொத்வால் என்று பெயர். கூட்டின் பக்கம் காக்கை வந்தால், தன்னைவிடப் பெரியது என்று பார்க்காமல் முதுகில் இறங்கி அடிக்கும். புறாக்களும் மாங்குயில்களும் கொண்டைக்குருவிகளும் அதே மரத்தில் கூடு வைத்து அந்தக் காவலில் பங்கு பெறுகின்றன.

சீசனின் நாயகன்

தையல்சிட்டு நுட்பத்தில் முதலிடம், தூக்கணாங்குருவி உழைப்பில், கரிச்சான் துணிச்சலில். ஆனாலும் கோப்பை கொண்டைக்குருவிக்குத்தான். புத்தகங்களில் இதற்குச் செங்குதச் சின்னான் என்று பெயர்.

இதன் தடுப்பாட்டம் சுமார் ரகம். கூடு மெல்லிய கிண்ணம். ஆள் கைக்கு எட்டும் உயரத்தில்கூட இருக்கும். தென்னிந்தியப் புதர்க்காடுகளில் இதன் இளங்குஞ்சுகளைக் கொல்வது தீ, கனமழை, வேட்டை விலங்கு மூன்றும் என்று ஆய்வு சொல்கிறது. பிறகு எப்படி ஜெயிக்கிறது? அடை 14 நாள், குஞ்சு வளர்ப்பு ஏறக்குறைய 12 நாள். ஒரு கூடு போனால் துக்கம் காக்காமல் அடுத்த புதரில் சுள்ளி சேர்க்கும். ஓர் ஆண்டில் பல ஈடு இடும். விக்கெட் போய்க்கொண்டே இருந்தாலும் அடுத்த இன்னிங்ஸுக்கு மட்டையை எடுத்துக்கொண்டு நிற்கும் அணி இது.

வெளிநாட்டு மைதானத்திலும் நிரூபித்திருக்கிறது. உலகில் மிக மோசமாக ஊடுருவிய 100 உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் 2000இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் பறவைகள் மூன்றே மூன்று: ஸ்டார்லிங், மைனா, செங்குதச் சின்னான். 1862இல் பூச்சி தின்ன மெல்போர்னுக்கு இறக்கிய மைனா இன்று ஆஸ்திரேலியக் கிளிகளின் பொந்தைப் பிடுங்குகிறது. சின்னான் பிஜி, டோங்கா, ஹவாய் வரை பரவிவிட்டது. அங்கே அது வில்லன். ராசிபுரத்தில் அது மண்ணின் மகன். காக்கையும் அணிலும் பாம்பும் சேர்ந்து அதை அளவோடு வைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் தென்னகச் சமவெளியில் சின்னானை விரலில் நூல் கட்டி உட்காரவைத்துச் சண்டைக்கு விடும் விளையாட்டே இருந்தது. எதிராளியின் சிவப்பு இறகைக் கவ்வுவதுதான் அதன் ஆட்டம்.

நடுவர் செய்ய வேண்டியது

முட்டை திருடும் காக்கைக்கும் கூட்டில் குஞ்சு இருக்கிறது. அதனால் மனிதர் களத்துக்குள் இறங்கிக் கல் எறிய வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையை எடுப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கருதுகிறது. நடுவர் ஒழுங்காக நடந்துகொண்டதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் ஊரே இருட்டில் நடந்தது.

சேலத்துக்காரரும் நாமக்கல்காரரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரவில் பூனையை வீட்டுக்குள் அடையுங்கள். மீன் குடலையும் கோழிக் கழிவையும் திறந்து போட்டுக் காக்கையைக் கூட்டாதீர்கள். குழம்புக்குக் கறிவேப்பிலை ஒடிப்பதற்கும் செடியைக் கவாத்து செய்வதற்கும் முன்னால் கிளையை மெல்ல விலக்கி ஒருமுறை பாருங்கள். உள்ளே சின்னான் உட்கார்ந்திருந்தால் அரிவாளை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். அதற்குள் அதன் ஆட்டம் முடிந்துவிடும்.