பத்தாவதுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

மார்ச்சில் பள்ளி ஆண்டு முடிகிறது. அந்தக் கையோடு, யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலா, த்வாண்டே வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோர் ட்யூஷன் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஜூனில் புதிய வகுப்பு தொடங்குவதற்குள் பாதிப் பாடத்தை முடித்துவிட வேண்டும் என்பது எண்ணம். எந்தச் சயாமா (ஆசிரியை) நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், மாதம் எவ்வளவு, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு ட்யூஷன் வேண்டுமா, எதற்காக வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதுதான். அதைத் தேர்வு வரும் ஆண்டில் கேட்பது காலம் கடந்த செயல் என்பதும் என் கருத்து.

மியான்மரில் பள்ளி இறுதித் தேர்வே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. புதிய பாடத்திட்டத்தில் அது பன்னிரண்டாம் வகுப்பு. பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாவதுதான். மருத்துவமா, பொறியியலா, தொலைக்கல்வியா என்பதை அந்த மதிப்பெண் பட்டியல் ஒன்றே முடிவு செய்கிறது. 2010களின் பிற்பகுதியில், எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தேறினார்கள். நெடுங்காலம் இருந்த விதியோ இன்னும் கடுமையானது: ஐந்து பாடங்களில் தேறி ஒன்றில் தவறினாலும் ஆறையும் மறுபடி எழுத வேண்டும். இப்படிப்பட்ட தேர்வின் முன்னால் தாய் தந்தையர் அஞ்சுவதைக் குறை சொல்ல முடியாது. ஹாங்காங் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிரேயும் சக ஆய்வாளர்களும் யாங்கோன் பகுதிப் பள்ளிகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட நூலின்படியும், மாணவர்களில் பெரும்பான்மையினர் ட்யூஷன் போகிறவர்களாகவே இருந்தார்கள்.

ட்யூஷன் செய்திருக்கும் நன்மையை முதலில் சொல்லியாக வேண்டும். கொரோனாவால் 2020இல் பள்ளிகள் மூடின. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்த ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்த ஆசிரியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வே நடக்கவில்லை. அதற்கு முன் ஒன்பது லட்சத்தைத் தொட்ட தேர்வர் எண்ணிக்கை 2022இல் ஏறக்குறைய மூன்று லட்சமாக விழுந்தது. அந்த நாட்களில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்கள்தான் பல தெருக்களில் கல்வியை உயிரோடு வைத்திருந்தார்கள். ஒரு பாடம் மட்டும் பின்தங்கிய பிள்ளைக்கு, அந்த ஒன்றால் ஆண்டு முழுவதும் வீணாகாமல் காப்பாற்றியதும் ட்யூஷன்தான். பள்ளி இல்லாத இடத்திலும், ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்க்கும்போதும் ட்யூஷன் தேவையே. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தயக்கம் வருவது, பள்ளி திறந்திருக்கும் காலத்தில், ஆறு பாடத்துக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று அது பரவும்போது. அதற்கான காரணம் கீழ் வகுப்புகளிலேயே இருக்கிறது. 1990களில் கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறையில் பெரும்பாலான பிள்ளைகள் தடையின்றி அடுத்த வகுப்புக்கு ஏறினார்கள். பாடம் முடிந்ததும் சிறு தேர்வு வைப்பார்கள். என்ன கேள்வி வரும் என்பது முன்பே தெரிந்திருக்கும். பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். விளைவு என்னவென்றால், நான்காம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளை எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி அட்டையோடு வந்துவிடுகிறது. பின்னம் தெரியாதவனுக்கு இயற்கணிதம் எப்படி வரும்? வீட்டில் யாருக்கும் இந்தக் குறை தெரிவதில்லை. பத்தாவது நெருங்கும்போது ஒரேயடியாகத் தெரிகிறது. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து ட்யூஷன் சேர்ப்பது அப்போதுதான். ஆறேழு ஆண்டுக் குறையை எட்டு மாதத்தில் நிரப்ப எந்தச் சயாமாவாலும் முடியாது. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: விடையை மனப்பாடம் செய்ய வைப்பது.

மொழி இந்த மனப்பாடத்தை இன்னும் இறுக்குகிறது. மேல்நிலை வகுப்புகளில் கணிதமும் அறிவியலும் பல ஆண்டுகளாக ஆங்கிலப் பாடநூலில்தான் இருந்து வருகின்றன. ஆசிரியர் பர்மிய மொழியில் விளக்குவார்; பிள்ளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், தேர்வுத் தாளில் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். இயற்பியல் விடையைக் கமா, முற்றுப்புள்ளி உட்பட ஒப்பிக்கும் பிள்ளையிடம் அதையே பர்மியத்திலோ தமிழிலோ சொல்லச் சொன்னால் வாய் திறக்காது. ட்யூஷன் வகுப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒப்பித்தலைத்தான் கூர்மையாக்குகின்றன. கூடவே 'கைடு' என்று ஒருவரை அமர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் வழக்கமும் வசதியுள்ள வீடுகளில் உண்டு. மதிப்பெண் வரலாம். பல்கலைக்கழக முதலாண்டில் அந்தப் பிள்ளை திணறுவதற்கும் காரணம் இதுவே.

வகுப்பாசிரியரே ட்யூஷன் ஆசிரியராக இருப்பது இன்னொரு கேடு. அரசு ஆசிரியர் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே மாலை வகுப்பு நடத்துகிறார்கள் என்று அவர்கள் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. என்றாலும், பகலில் பள்ளியில் விட்டதை மாலையில் காசுக்கு விற்கும் நிலை வந்தால், காசு இல்லாத பிள்ளை இரண்டு இடத்திலும் வெளியே நிற்கும். ட்யூஷனை ஒழுங்குபடுத்த 1984இலேயே சட்டம் வந்துவிட்டது. நடைமுறை மாறவில்லை. தென்கொரியா 1980இல் ட்யூஷனை முழுவதுமாகத் தடை செய்து பார்த்தது. பணக்காரர்கள் ரகசியமாக ஆசிரியர் வைத்துக்கொண்டார்கள். 2000இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையைச் செல்லாது என்றது. தேர்வு அப்படியே இருக்க, ட்யூஷனை மட்டும் சட்டத்தால் அகற்ற முடியாது. முடிவு வீட்டில்தான் எடுக்கப்பட வேண்டும்.

ஆற்றைக் கடந்து நகரத்தில் போர்டிங் வகுப்பில் சேர்ப்பதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். விடியுமுன் எழுப்பி, இரவு பத்து மணிக்கு மேலும் படிக்க வைத்து, வீட்டுக்கு மாதம் ஒரு முறை அனுப்பும் இடங்கள் அவை. ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அங்கே ஓரிரு பாடங்களில் சிறப்பு மதிப்பெண் கூடலாம். அடிப்படை இல்லாத பிள்ளைக்கு அந்த வேகம் ஆகாது. ஐம்பது பேரில் ஒருவனாக, கேள்வி கேட்கக் கூசி, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். தாயின் கண் முன்னால் இருந்தாலாவது அவன் சாப்பிட்டானா, அழுதானா என்று தெரியும்.

நம் சமூகத்துக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை. மற்றவர்களுக்கு நீலமோ பச்சையோ. முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளின் கதவு அடைபட்டே இருந்து வந்திருக்கிறது. அதாவது, மருத்துவத்துக்குப் போதுமான மதிப்பெண் எடுத்தும் அட்டையால் தடுக்கப்படலாம். மகளை டாக்டராக்கும் கனவில் மூன்று ஆண்டு ட்யூஷனுக்குச் செலவிடுவதற்கு முன், குடிவரவு அலுவலகத்தில் அவளுடைய பதிவை ஒழுங்கு செய்யுங்கள். தாத்தா காலத்துக் காகிதங்களைத் தேடி எடுங்கள். அதற்கு ஆகும் அலைச்சல் எந்த ட்யூஷனையும் விட அவளுக்குப் பயன்படலாம்.

சரி, எப்போது சேர்ப்பது? மதிப்பெண் அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்காம் வகுப்பு முடிந்ததும் ஒரு முறை, ஆறாவதில் ஒரு முறை, நோட்டுப் புத்தகத்தை விரியுங்கள். செய்த கணக்கிலேயே எண்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். படித்த பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் தன் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். தாய் தந்தையே பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் என்றாலும், பிள்ளை தானாகச் சொல்கிறானா, ஒப்பிக்கிறானா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். தடுமாறினால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும், ஐந்தாறு பேருக்கு மேல் இல்லாத வகுப்பில், மூன்று மாதம் சேருங்கள். கூடுமானவரை அவனுக்குப் பள்ளியில் பாடம் எடுக்காத ஆசிரியராக இருக்கட்டும். மூன்று மாதத்துக்குப் பின் மறுபடி எண்களை மாற்றிக் கொடுங்கள். வந்துவிட்டால் நிறுத்துங்கள்; வரவில்லை என்றால் ஆசிரியரை மாற்றுங்கள். பிள்ளை தானாகப் படித்துத் தேறுகிறான், பக்கத்து வீட்டுப் பையன் போகிறானே என்ற ஒரே காரணம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், சேர்க்க வேண்டாம்.

ட்யூஷனால் கோடையில் நாம் இழப்பது இன்னொன்றும் உண்டு. 1960களில் பள்ளிகள் நாட்டுடைமையான பின் தமிழ்க் கல்வி கோயில் கூடங்களில் ஒதுங்கியது. இன்றும் பெரும்பாலும் ஏப்ரல், மே விடுமுறையில்தான் தமிழ் வகுப்பு நடக்கிறது. முன்கூட்டியே தொடங்கும் ட்யூஷன் பிடித்துக்கொள்வதும் அதே மாதங்களைத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தி நான்காம் வகுப்புப் பாடத்துக்கு அனுப்புவதில் எந்த நியாயமும் இல்லை.

சிங்கப்பூரில் இந்தியப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியதைக் கண்டு 1991இல் சிண்டா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குறைந்த கட்டணத்தில் சமூகமே ட்யூஷன் நடத்துகிறது. அவர்களுக்கு இருந்த அரசு ஆதரவு நமக்கு இல்லை. ஆனால் கோயில் கூடம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும், படிப்பை விட நேர்ந்த நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். த்வாண்டேயிலும், தமிழர் வாழும் மற்ற ஊர்களிலும், ஐந்தாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை கணக்கு வகுப்பு ஒன்றைக் கோயில் நிர்வாகக் குழுக்கள் இந்த ஜூனிலேயே தொடங்க வேண்டும். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும்.