எக்லோக்: இடையன் குரலில் ஏட்டுக் கவிதை

ஐரோப்பிய இடையர் கவிதைக்கு வழங்கும் பெயர்களில் ‘எக்லோக்’ அளவுக்குப் படித்தவர்களையே ஏமாற்றிய சொல் வேறில்லை. கிரேக்கத்தில் ‘எக்லோகே’ என்றால் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். அதில் ஆடும் இல்லை, மேய்ச்சல் நிலமும் இல்லை. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதிய பத்து இடையர் கவிதைகளின் தொகுப்புக்குப் பெயர் ‘புகோலிகா’. மாடு மேய்ப்பவனைக் குறிக்கும் ‘புகோலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அந்தப் பத்தில் ஒவ்வொன்றையும் இலக்கண ஆசிரியர்கள் ‘எக்லோகா’ என்று குறிக்கப்போய், நாளடைவில் அதுவே இந்தக் கவிதை வகையின் பெயராகிவிட்டது.

பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு பொய் வேரும் முளைத்தது. ஆட்டைக் குறிக்கும் ‘ஐக்ஸ்’, பேச்சைக் குறிக்கும் ‘லோகோஸ்’ இரண்டும் சேர்ந்து ‘ஆட்டிடையர் பேச்சு’ ஆயிற்று என்றார்கள். 1579இல் எட்மண்ட் ஸ்பென்சரின் ‘ஷெப்பர்ட்ஸ் கேலண்டர்’ வெளிவந்தபோது, ஈ.கே. என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் அதன் உரைகாரர் இந்த விளக்கத்துக்காகவே வரிந்துகட்டி வாதாடினார். அது பிழைதான். ஆனால் இந்தப் பாட்டு மந்தைக்கு நடுவே பிறந்திருக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பிழைக்குள் இருக்கிறது. உண்மையில் இது ஏட்டுக் கவிதை. இதன் முன்னோடியான தியோக்ரிட்டஸ் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரத்தவர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலி மேய்ப்பர்களைப் பேசவைத்து அவர் எழுதியதை ரசித்தவர்கள் அலெக்சாந்திரியாவின் கற்றோர்.

இதன் பெரிய குறையும் அங்கேதான் தொடங்குகிறது. பேசுபவன் இடையன், பேச்சோ புலவருடையது. இன்றைய இடையரை வரையாதீர்கள், பொற்காலத்து இடையரை வரையுங்கள் என்று ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் விதியே வகுத்தார். மழையும் கூலியும் பசியும் அந்த விதியால் கவிதைக்கு வெளியே நின்றன. 1783இல் ஜார்ஜ் கிராப் ‘தி வில்லேஜ்’ என்ற கவிதையில் அந்தப் பொய்யை நேரடியாகவே எதிர்த்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சாமுவேல் ஜான்சன், மில்ட்டனின் ‘லிசிடஸ்’மீது பாய்ந்திருந்தார். கடலில் மூழ்கி இறந்த கல்லூரித் தோழனுக்கான இரங்கற்பா அது. இருவரும் சேர்ந்து ஆடு மேய்த்ததாகச் சொன்னால் துக்கம் எப்படி உண்மையாகும் என்பது ஜான்சனின் கேள்வி. வர்ஜிலைப் பார்த்து எழுதிய நகல்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

வர்ஜிலிடம் அந்தக் கேள்வி செல்லாது. கி.மு. 42இல் பிலிப்பி போர் முடிந்ததும், படைவீரர்களுக்குக் கொடுப்பதற்காக இத்தாலிய விவசாயிகளின் நிலங்கள் பறிக்கப்பட்டன. முதல் எக்லோகில் அப்படி நிலம் பறிபோன மெலிபியஸ் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறான். ஓர் ஆட்டை இழுக்க வேண்டியிருக்கிறது. வழியில் வெறும் பாறையில் இரட்டைக் குட்டி ஈன்று, இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த ஆடு அது. எதிரே, ரோமில் ஒருவரின் தயவால் நிலம் தப்பிய டிடிரஸ் மரநிழலில் சாய்ந்து குழல் ஊதுகிறான். அவனால் தர முடிந்தது ஒரு ராத்தங்கலும் கொஞ்சம் பழமும் பாலாடைக்கட்டியும்தான். அரசை எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இந்த இருவரையும் எதிரெதிரே வைத்ததே குற்றச்சாட்டு. இந்த வடிவத்தின் பலம் இங்கேதான் என்பேன்: எளியவர் இருவரின் பேச்சில், நேராகச் சொல்ல முடியாததைச் சொல்லிவிடலாம். ஸ்பென்சரும் இதைப் புரிந்துகொண்டவர். எலிசபெத் அரசி அதிகாரத்தைப் பறித்த பேராயர் கிரிண்டல், ஸ்பென்சரின் கவிதையில் ‘அல்கிரிண்ட்’ என்ற மேய்ப்பராக வருகிறார்.

இந்த வடிவம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1944இல். வர்ஜிலின் ஒன்பதாம் எக்லோகை மொழிபெயர்த்திருந்த ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராத்னோதி, யூதர் என்பதால் செர்பியாவின் ‘போர்’ என்ற ஊர் அருகே கட்டாய உழைப்பு முகாமில் அடைக்கப்பட்டார். தன் சொந்த எக்லோக்குகளில் ஏழாவதை அங்கே எழுதினார். இருட்டில், எழுத்துக்குறிகளை விட்டுவிட்டு, வரிக்குக் கீழே வரியாகத் தடவித் தடவி எழுதுவதாக அதிலேயே சொல்கிறார். அந்த நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1946இல் புதைகுழியைத் தோண்டியபோது அவர் கோட்டுப் பையில் அந்தக் கவிதை எழுதிய நோட்டு இருந்தது. முள்வேலிக்குள் இருந்த மனிதருக்கு இந்தப் பழைய யாப்பு அலங்காரமாக இருந்திருக்க முடியாது. மனிதராகப் பேசுவதற்கு அவருக்கு மிஞ்சியிருந்த ஒழுங்கு அது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை தீரவில்லை. மேய்த்துப் பிழைத்தவர்களின் சொந்தக் குரலுக்கு இந்த மரபு இடம் கொடுத்தது மிகக் குறைவு. கூலி வேலை செய்து வளர்ந்த ஜான் கிளேர் 1827இல் ஸ்பென்சருடைய அதே தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். வட்டார வழக்கும் நீண்ட பகுதிகளும் பதிப்பாளர் கையில் வெட்டுப்பட்ட பிறகே அது அச்சேறியது. கையெழுத்துப் பிரதியில் இருந்தபடி அது நூலாக வர 1964 ஆயிற்று.