எட்டே கூடை

1950 நவம்பர் 22. மினியாபொலிஸில் சொந்த மைதானத்தில் ஆடிய லேக்கர்ஸ் அணியை ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் வென்றது. ஸ்கோர் 19–18. கால் ஆட்டத்தின் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 48 நிமிடமும் ஆடி முடித்தபோது பலகையில் இருந்த எண்கள் இவை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யின் வரலாற்றில் இதைவிடக் குறைந்த ஸ்கோர் இன்றுவரை வரவில்லை.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் படிப்பது ஒரு நல்ல பயிற்சி. பழைய கூடைப்பந்துக் கணக்கு எவ்வளவு நேர்மையானது, அதே சமயம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது இரண்டுமே அந்த ஒரு தாளில் தெரியும்.

முதலில் புள்ளிகளை மட்டும் பார்ப்போம். அக்காலச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் அவ்வளவோடுதான் நின்றன: பெயர், போட்ட கூடை, ஃப்ரீ த்ரோ, மொத்தம். லேக்கர்ஸ் பக்கத்தில் ஜார்ஜ் மைகன் 15. அணியின் மொத்தமே 18. மற்ற எல்லோரும் சேர்ந்து மூன்றே புள்ளி, அதுவும் ஃப்ரீ த்ரோவில் வந்தவை. 6 அடி 10 அங்குல உயரத்துக்காரர் தனி ஆளாகத் தேர் இழுத்தார், ஊர் ஒத்துழைக்கவில்லை என்று யாரும் கதை எழுதிவிடலாம். எழுதவும் செய்கிறார்கள், ஓர் அணியின் புள்ளிகளில் தனியொருவர் பங்கு என்ற பேச்சு வந்தால் இந்த 15 கட்டாயம் வந்து நிற்கும்.

இனி எறிந்த கணக்குக்கு வாருங்கள். மைகன் 11 முறை எறிந்து 4 போட்டார். அணி முழுதும் எறிந்தது 18. கழித்துப் பார்த்தால், மற்றவர்கள் எல்லோருமாக 48 நிமிடத்தில் ஏழு முறைதான் கூடையை நோக்கி எறிந்திருக்கிறார்கள். பிஸ்டன்ஸ் எறிந்தது 13, போட்டது 4. இரு அணியும் சேர்ந்து எட்டே கூடை. 31 எறிதல். 2,880 விநாடியை 31-ஆல் வகுத்தால், ஓர் எறிதலுக்கு ஒன்றரை நிமிடம். நாயகன் கதை இங்கே உடைகிறது. பந்து கூடைப் பக்கம் போகவே இல்லை என்பதுதான் அன்றைய செய்தி. மைகனைப் பந்து நெருங்கவிடாமல் வைப்பதற்காக, பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் மர்ரே மெண்டன்ஹால் தம் ஆட்களைப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். விதி அதைத் தடுக்கவில்லை. கூட்டம் கூச்சலிட்டது. கடைசி சில விநாடிகளில் லாரி ஃபவுஸ்ட் போட்ட கூடை ஆட்டத்தை முடித்தது.

தவறிய எறிதலையும் உட்கார்ந்து எண்ணியது அக்கால ஸ்கோரர்கள் செய்த மிகப் பெரிய காரியம் என்பேன். வெற்றியை எண்ண யாருக்கும் அலுப்பில்லை. தோல்வியை எண்ணுவதற்குத்தான் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்குக்குக் கைமேல் பலனும் கிடைத்தது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன், தாம் ரசித்த ஆட்டங்களின் அட்டைகளைப் புரட்டினார். நல்ல ஆட்டத்தில் ஓர் அணி 60 முறையாவது எறிகிறது, இரண்டு அணிக்கும் 120. 2,880-ஐ 120-ஆல் வகுத்தார்: 24. பள்ளிக்கூட வகுத்தல்தான். 1954–55 பருவத்தில், பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் வந்தது. அணியின் சராசரிப் புள்ளி ஒரே ஆண்டில் 79-லிருந்து 93-க்கு ஏறியது. ஒரு விளையாட்டை அதன் கணக்கேடே காப்பாற்றிய இன்னொரு நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

ஆனால் அட்டையில் இல்லாத கட்டங்களையும் பேசியாக வேண்டும். பந்தைப் பிடித்துவைத்திருந்தவர் யார், எவ்வளவு நேரம்? அன்று நடந்ததே அதுதான், அதற்குக் கட்டம் இல்லை. கிரிக்கெட்டில் ரன் கொடுக்காத ஓவருக்கு மேய்டன் என்று பெயரும் உண்டு, இடமும் உண்டு. கூடைப்பந்தில் தடுத்தவனுக்கு எழுதப்பட்டது ஃபவுல் ஒன்றுதான். உழைப்பு கணக்கில் வராமல் குற்றம் மட்டும் வந்தது.

நிமிடக் கணக்கும் இல்லை. இந்த லீகின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவில் நடந்தது. நியூயார்க் 68, டொராண்டோ 66. அன்று அதிகப் புள்ளி எடுத்தவர் டொராண்டோவின் எட் சடோவ்ஸ்கி, 18. ஐந்து ஃபவுலில் அவர் இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டார். அட்டையில் 18-உம் உண்டு, 5-உம் உண்டு. எப்போது போனார் என்பது மட்டும் கிடையாது. பாதி ஆட்டத்துக்குச் சற்று மேல் நின்று எடுத்த 18 என்றால் அதன் எடையே வேறு. வீரர்களின் நிமிடங்களை எண்ணத் தொடங்கியது 1951–52-இல்.

ரீபவுண்ட் கணக்கு 1950–51-இல் வந்தது. பந்தைப் பறித்ததும் எறிதலைத் தட்டிவிட்டதும் 1973–74 வரை எண்ணப்படவில்லை. தடுப்பாட்டத்துக்கே இலக்கணமான பில் ரஸ்ஸல் 1969-இல் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் தட்டிவிட்ட பந்துகளுக்கு அதிகாரபூர்வமாக ஒரு எண்கூட இல்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் படிப்பவர் அதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்கிறார். இன்றைய வீரரையும் அன்றைய வீரரையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தரம் பிரிக்கும் பட்டியல்கள் எல்லாவற்றிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. அசிஸ்ட் கணக்கு முதல் பருவத்திலிருந்தே உண்டு. ஆனால் எது அசிஸ்ட் என்பது மேசையில் உட்கார்ந்திருப்பவரின் தீர்ப்பு. அங்கே எண் என்பது பாதி அபிப்பிராயம்.

எதிர்த் திசையிலும் அநியாயம் நடக்கிறது. 1946–47-இல் ஆட்டத்துக்கு 23 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்த ஜோ ஃபல்க்ஸ், எறிந்த நூறில் முப்பதுதான் போட்டார். இன்று அந்தச் சதவீதத்தைப் பார்ப்பவர் சிரிப்பார். அந்தப் பருவத்தில் லீகிலேயே சிறந்த சதவீதம் 40 என்பது தெரிந்தால் சிரிப்பு பாதியில் நிற்கும்.

ஆகவே பழைய அட்டையைப் புள்ளியிலிருந்து படிக்காதீர்கள். எறிந்த எண்ணிக்கையில் தொடங்குங்கள், பிறகு ஃபவுல், கடைசியாகப் புள்ளி. மினியாபொலிஸில் இல்லாமற்போன அந்தக் கட்டம் இப்போது இருக்கிறது. 2013–14 பருவத்தில் என்.பி.ஏ. எல்லா அரங்கங்களிலும் கேமரா பொருத்திய பிறகு, பந்து யார் கையில் எத்தனை நேரம் இருந்தது என்பதும் எண்ணப்படுகிறது.