கோபுலுவின் இடது கை

பெசன்ட் நகரில் படம் வரையப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடம் கடற்கரையிலேயே நிற்கிறது: கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930-இல், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமிக்காக எழுப்பியது. வெள்ளைச் சுவர், நடுவில் வளைவு, பின்னால் கடல். ஐந்தாறு கோடு இழுத்தால் எலியட்ஸ் பீச் வந்துவிடும். ஆனால் அதை வரைந்த நாலு பேரின் நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவர் சுவரின் கறையைக்கூட விடாமல் போட்டிருப்பார். இன்னொருவர் வளைவைப் பேருக்குக் கோடி காட்டிவிட்டு, நிழலில் படுத்திருக்கும் நாயைப் பக்கம் முழுக்க வரைந்திருப்பார். இரண்டாமவரிடம் ஒரு பாணி முளைக்கத் தொடங்கிவிட்டது என்பேன். எதை விடலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சிரிப்புப் படம் வரைகிறவருக்கு இந்த விடுதலே பாதித் தொழில். தமிழில் இதை முதலில் ஒரு கலையாக்கிக் காட்டியவர் மாலி. டி.ஆர்.மகாலிங்கம் என்ற இயற்பெயரில் அவரை யாரும் தேடுவதில்லை. 1930-களில் ஆனந்த விகடனில் சங்கீத வித்வான்களைச் சில கோடுகளில் உட்கார வைத்தவர். அவருடைய இன்னொரு திறமையைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. அடுத்தவர் கைக்கு எது வாகு என்று கண்டுபிடிக்கும் திறமை அது. தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்த கோபாலன் அவரிடம்தான் கோபுலு ஆனார். இன்னொரு சீடர் பி.எம்.சீனிவாசனுக்குக் கல்லும் கட்டடமும் அமைவதைக் கண்டு, மாலி அவரைக் கோயில் பக்கம் திருப்பிவிட்டார். அவர் சில்பி ஆனார், ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற கோயில் ஓவியத் தொடர் நமக்குக் கிடைத்தது. ஆசிரியர் ஒருவர், பத்திரிகையும் ஒன்று. ஆனால் சில்பி ஒரு தூணைக்கூட ஒதுக்க மாட்டார். கோபுலு தூணை ஒதுக்கிவிட்டு அதில் சாய்ந்திருக்கும் ஆளைப் பிடிப்பார். சீடர்கள் தன்னைப் போலவே வரைய வேண்டும் என்று நினைக்காத குரு அபூர்வம்தான்.

இப்படி விட்டு வரைவதில் அச்சுக்கும் பங்கு உண்டு. அன்று படத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்துத்தான் அச்சடிப்பார்கள். மட்டமான தாளில் நெருக்கமான கோடுகள் மை அப்பிக் கறுத்துப்போகும். ஆகவே எந்தக் கோடும் பிழைத்துக் கிடக்கும்படி தெளிவாக விழ வேண்டும். தேவையில்லாதது ஆரம்பத்திலேயே கழிந்துவிடும்.

கோபுலுவின் மனிதர்களில் எனக்குப் பிடித்தது முதுகு. முகத்தைச் சிரிக்க வைக்க யாராலும் முடியும். கடன் கேட்கப் போகிறவன், மாப்பிள்ளையின் அப்பா, சமையல் கட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் மாமி என்று ஒவ்வொருவரும் எப்படி நிற்பார்கள் என்பதைப் பின்புறத்திலிருந்தே சொல்லிவிடுகிற கை அவருடையது. அதனால்தான் அவருடைய வசனமில்லாத ஜோக்குகள் நின்றன. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்தபோது, நாயனக்காரரின் கர்வம் முகத்தில் மட்டும் இல்லை; உட்காரும் தோரணையிலும் இருந்தது. காவேரிக் கரையில் கச்சேரிகளையும் கல்யாணங்களையும் பார்த்து வளர்ந்த கண், சென்னைக்கு வந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

பிற்காலத்தில் பக்கவாதம் அவருடைய வலது கையை முடக்கியது. அவர் இடது கையால் வரையப் பழகினார், வரைந்தார். பார்த்தால் கோபுலுதான். நரம்பு வழி வந்த பழக்கம்தான் பாணி என்றால் அது வலது கையோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. ‘பீனட்ஸ்’ படக்கதைத் தொடரை வரைந்த சார்லஸ் ஷுல்ஸுக்கும் கடைசி ஆண்டுகளில் கை நடுங்கியது. அதன் நாயகன் சார்லி பிரவுனின் கோடும் சேர்ந்து நடுங்கியது. ஆனாலும் அவன் சார்லி பிரவுன்தான். இன்ன கோடு இங்கே போதும் என்ற தீர்மானம் கண்ணிலும் மனசிலும் ஆகிவிடுகிறது. கை பிறகு வருகிறது.

இன்றைய பிள்ளைகள் அனிமேயைப் பார்த்துச் சாசர் அளவுக் கண்களைப் போடுவதில் எனக்குக் குறையில்லை. பிரதி எடுக்காமல் யாரும் கற்றதில்லை. அந்தக் கண்ணிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். ஜப்பானியர் ஒருவர் தம் ஊர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ட விடையை, கணக்குப் போடாமல் நாம் எழுதிக்கொள்கிறோம். கார்ட்டூனிஸ்ட் மதன் அப்படிச் செய்யவில்லை. அவர் வரைந்த ரெட்டைவால் ரெங்குடு நம் தெருவில் பார்த்த பையன். அவனுடைய விஷமமும் இங்கத்திய விஷமம்.

சாயங்காலம் எலியட்ஸில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைப் பாருங்கள். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் ஓய்வு பெற்ற அதிகாரி, புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாமி, செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்தபடி கத்தும் இளைஞர். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு கோட்டைக் குறைத்து வரைந்து பாருங்கள். எந்தக் கோட்டை எடுத்ததும் ஆள் காணாமல் போகிறாரோ அது உங்கள் கோடு. உங்கள் நண்பருக்கு அது வேறாக இருக்கும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; பெசன்ட் நகரிலிருந்து தூரமில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மாலியையும் கோபுலுவையும் செல்போன் திரையில் பார்த்தது போதும்; ஒருநாள் அங்கே போய், படத்துக்குக் கீழே இருக்கும் வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.