புள்ளியெழுத்தும் போலியும்

எழுதுகருவி எழுத்தின் வடிவை ஆளும் என்பது பழைய உண்மை. ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டமை இதற்குத் தமிழிலேயே உள்ள சான்றாகும். அக்கருவி வழக்கொழிந்த பின்னரும் அது தந்த வடிவைப் போற்றுதல் தகுமோ என்பது ஆராயற்பாலது. இவ்வினாவுக்கு ஏற்ற எடுத்துக்காட்டு 'பிறெஸ் ஸ்ராட் 2பி' என்னும் றோமன் எழுத்துருவாகும். 1980களில் யப்பானிய நம்கோ நிறுவனத்தின் வீடியோ விளையாட்டு இயந்திரங்களிற் காணப்பட்ட எழுத்தைத் தழுவி, கோட்மான்38 என்னும் புனைபெயரினர் இதனை ஆக்கினார்.

மூல எழுத்து பிறந்த சூழலை முதற்கண் நோக்குதல் வேண்டும். 1980இல் வெளிவந்த 'பக்மான்' ஆட்டத்தின் திரை அகலத்தில் 224 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளும் உடையது. அது எட்டுக்கு எட்டான கட்டங்களாக வகுக்கப்பட்டமையின் ஒரு வரியில் 28 எழுத்துக்கே இடமிருந்தது. ஓர் எழுத்துக்குரிய புள்ளிகள் 64. அயலெழுத்தோடு ஒட்டாதிருக்க ஓரத்தில் ஒரு வரிசை வெறுமையாக விடப்பட்டது. எஞ்சிய இடத்தில் நெடுங்கோடு இரு புள்ளித் தடிப்பும் கிடைக்கோடு ஒரு புள்ளித் தடிப்பும் பெற்றன. கரிய திரையில் எழுத்தைத் தெளிவுற நிறுத்தியது அந்நெடுங்கோட்டின் தடிப்பேயாம். வளைவுகள் படிக்கட்டுப்போல் வெட்டுண்டமை இடமின்மையால் நேர்ந்தது.

இவ்வடிவின் மரபு நம்கோவுக்கும் முற்பட்டது. அற்றாரியின் துணைநிறுவனமாகிய கீ கேம்ஸ் 1976இல் வெளியிட்ட 'குவிஸ் ஷோ' ஆட்டத்தில் அது காணப்படுவதை ரொஷி ஒமகாரி தமது 2019ஆம் ஆண்டு நூலிற் காட்டியுள்ளார். எனவே தழுவுதல் தன்னளவிற் குற்றமாகாது. எதனைத் தழுவினர் என்பதே வினா.

'பிறெஸ் ஸ்ராட்' கட்டத்தின் விதியை மீறவில்லை. எட்டின் மடங்கான அளவுகளில் அமைக்குமிடத்து அதன் புள்ளிகள் திரையிற் பிசகின்றிப் பொருந்துகின்றன. இஃது அதன் சிறப்பு. எனினும் இரு குறைகள் உள. பழைய கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரையில் புள்ளியின் விளிம்பு ஒளி கசிந்து மென்மையுற்றிருந்தது. இன்று தோன்றும் கூரிய சதுரத்தை அக்கால ஆட்டக்காரர் கண்டிலர். பழமையென்று காட்டப்படுவதில் ஒரு பகுதி இக்காலத்தார் கற்பனையே. மேலும், மூல எழுத்து ஆட்டப் புள்ளிக்கணக்கு, ஆட்டம் முடிந்த அறிவிப்பு முதலிய சிறு தொடர்களுக்கே பயன்பட்டது. ஆதலின் தலைப்புக்கு அது பொருந்தும். முழுப் பந்திகளை அதிலமைத்தால் கண் சோரும்.

இதனினும் பெரிய பிழை வேறு சிலரிடம் உண்டு. ஒரே பக்கத்தில் ஒரு சொல்லைப் பெருக்கியும் மற்றொன்றைச் சுருக்கியும் வைத்து, வெவ்வேறளவான புள்ளிகளை அவர் கலந்துவிடுகின்றனர். படிக்கட்டு விளிம்பு எஞ்சுகிறது. அதனைத் தோற்றுவித்த கட்டம் அழிகிறது. இலக்கணத்தார் கூறும் போலியில் எழுத்து மாறினும் பொருள் மாறாது. இங்கோ எழுத்து மாறாதிருப்பப் பொருள் மாறிவிடுகிறது. அறுபத்து நான்கு புள்ளிகளின் சிக்கனத்தை உணர்ந்து கையாள்வார்க்கே இவ்வெழுத்து இன்றும் உயிருடையதாகும்.