மருந்துப் போத்தலின் வாசகர்கள்

பலர் கூடி எழுதும் தொழில்நுட்ப ஆவணங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று பீடைகொல்லிப் போத்தலில் ஒட்டப்படும் சுட்டுத்துண்டு. பயிரைக் கெடுக்கும் பூச்சி, பூஞ்சணம், களை ஆகியவற்றை அழிக்கும் இரசாயனமே பீடைகொல்லி. இலங்கை மலையகத்தில் அதனை 'மருந்து' என்றே அழைப்பர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இவற்றைப் பதிவுசெய்யும் அலுவலகம் கண்டியை அடுத்த பேராதனையில், கெட்டம்பேயில் இயங்குகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அமையும் அச்சிறு தாளில் இரசாயனவியலாளர், பயிரியலாளர், நச்சியல் அறிந்த மருத்துவர், சட்டம் கற்றவர் ஆகியோரின் அக்கறைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. ஒவ்வொருவரும் சேர்க்கும் வரி தன்னளவில் நியாயமானதே; எனினும் வரிகள் பெருக எழுத்து சிறுக்கிறது, எழுதுவோர் தமக்குள் ஒருவரையொருவர் நிறைவுசெய்வதிலேயே உழைப்பெல்லாம் தீர்ந்துவிடுகிறது.

வாசகரோ ஒருவர் அல்லர். ஹேவாஹெட்ட, மாரஸ்ஸன பகுதிகளில் மரக்கறி பயிரிடுபவர் முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தாங்கியைக் கொண்டே மருந்தை அளப்பதால், ஹெக்டேயருக்கு இத்தனை மில்லிலீற்றர் என்னும் குறிப்பு அவருக்கு அளவாக அமைவதில்லை, தீர்க்க வேண்டிய கணக்காகவே அமைகிறது. தேயிலைத் தோட்டத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது: போத்தல் களஞ்சிய அறையிலேயே இருக்க, வெளிக்கள உத்தியோகத்தரின் மேற்பார்வையில் கலக்கப்பட்ட நீர்மத்தை மட்டும் பெற்று மலைச்சரிவில் தெளிக்கும் தொழிலாளி சுட்டுத்துண்டைக் காணாமலே போகக்கூடும். அவருக்காக எழுதப்படும் எச்சரிக்கை இன்னொருவர் வாயால் சொல்லப்பட்டே அவரை அடையுமாதலால், அது உரக்கச் சொல்லத்தக்க சிறு வாக்கியமாக அமைய வேண்டும். அதற்காக இரசாயனப் பெயரை நீக்கி எளிமைப்படுத்துவதும் பெருந்தவறாகும். நஞ்சுண்டவருடன் உறவினர் கொண்டுவரும் போத்தலைப் பார்த்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வைத்தியசாலை மருத்துவருக்கு அப்பெயரே முதற்தேவை.

எழுத்தறியாதோரை எண்ணி 1980களில் உலக உணவு விவசாய அமைப்பும் பீடைகொல்லி உற்பத்தியாளர் கூட்டமைப்பும் இணைந்து கையுறை, முகக்கவசம் முதலியவற்றைக் காட்டும் குறிபடங்களை உருவாக்கின. உலக சுகாதார அமைப்பின் நச்சு வகைப்பாட்டைத் தழுவி, கடும் நஞ்சுக்குச் சிவப்பும், அடுத்தடுத்த நிலைகளுக்கு மஞ்சள், நீலம், பச்சை ஆகியனவும் பட்டைகளாக இடப்படுகின்றன. இம்முயற்சி போற்றத்தக்கது, ஆயினும் நிறவரிசையை எவரும் கற்பிக்காதவிடத்துப் பச்சைப் பட்டையைப் பயிருக்கு உகந்தது என்றோ, மஞ்சளை உயிருக்கு ஆபத்தற்றது என்றோ ஒருவர் கொள்வது இயல்பே; மஞ்சள் பட்டையுள்ள சில மருந்துகளும் உயிரைப் பறிக்க வல்லவை என்பதால் இது சிறு குறையன்று.

ஆகவே வரைவு முற்றுப்பெறுமுன் அதனைத் தெளிப்பவரிடம் கொடுத்து, அதில் உள்ளபடி ஒரு தாங்கிக்குரிய மருந்தை அளந்து காட்டச் செய்தல் வேண்டும். பேராதனையில் தலைமையகம் கொண்ட விவசாயத் திணைக்களத்தின் போதனாசிரியர்கள் வயல்தோறும் செல்பவர்கள். தமிழ் வரைவை ஆங்கிலம் முடிந்தபின் எழுதாமல் தொடக்கத்திலேயே எழுதி, அவர்கள் வழியாகத் தோட்டங்களில் வாசித்துக் காட்டச் செய்தால், தொழிலாளி எவ்விடத்தில் தயங்குகிறார் என்பது அச்சேறுமுன்பே எழுதியோருக்குத் தெரியவரும்.