வேலையற்றவனின் முகம்: கேத்தே கோல்விட்ஸின் அச்சுப்படங்கள்

வேலையற்றவனை ஓவியத்தில் காட்டுவது எளிதன்று. உழைப்பவனுக்கு ஓர் அசைவு உண்டு. போராடுபவனுக்கு உயர்த்திய கை உண்டு. வேலையற்றவனிடம் எஞ்சியிருப்பது காத்திருப்பு மட்டுமே. ஜெர்மானிய அச்சுக்கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் (1867-1945) இப்பொருளை மீண்டும் மீண்டும் கையாண்டார். அவருடைய கணவர் பெர்லினின் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். அங்கு வந்த குடும்பங்களே கோல்விட்ஸின் பாடப்புத்தகம்.

1909-ஆம் ஆண்டின் 'வேலையின்மை' செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கப்பட்ட அச்சு. ஒருவன் இருளில் அமர்ந்து சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறான். அருகே படுக்கையில் மனைவியும் குழந்தைகளும்; வெளிச்சம் அவர்கள் மீதுதான். அந்த ஒளிக்கும் இருளுக்கும் நடுவே உள்ள சில அடித் தூரத்தை அவனால் கடக்க இயலவில்லை. குடும்பத்தைக் காக்க வேண்டியவன் குடும்பத்துக்கு வெளியே நிற்கும் அவமானத்தை இத்தனை அமைதியாகச் சொன்ன படம் வேறொன்றை நான் கண்டதில்லை.

1925-இல் வந்த 'பாட்டாளி வர்க்கம்' தொடர் மரச்செதுக்கு அச்சு. வேலையிழந்தோர், பசி, குழந்தைகளின் மரணம் என மூன்றே தாள்கள். இடையில் ஒரு உலகப் போர் முடிந்திருந்தது. அதில் 1914-இல் தம் இளைய மகனையும் அவர் பறிகொடுத்திருந்தார். மரச்செதுக்கில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. கறுப்பு, வெள்ளை, அவ்வளவே. தொடரின் வரிசையே ஒரு குற்றப்பத்திரிகை. எனினும் வாதம் வலுத்த அளவுக்கு மனிதன் மெலிந்துவிட்டான் என்றே எனக்குப் படுகிறது.

தெருச்சுவர்களுக்கும் நிவாரண இயக்கங்களுக்கும் அவர் செய்த கல்லச்சுப் படங்களில் இது இன்னும் தெளிவு. 1923-இன் சுவரொட்டியில் பசித்த குழந்தைகள் வெற்றுக் கிண்ணங்களை ஏந்துகின்றனர். 1924-இன் 'ரொட்டி'யில் தாயைப் பிள்ளைகள் பற்றி இழுக்கின்றனர். வேலையிழந்த தந்தையை அங்கே காணவில்லை. குழந்தையின் பசிக்கு இரங்குவது யாருக்கும் எளிது. உடல் வலுவுள்ள ஓர் ஆணின் வெறுங்கைக்கு இரங்குவோர் அரிது. நம் ஸகாத், ஸதகா வேண்டுகோள்களில் அச்சாகும் படங்களும் இதற்கு விலக்கல்ல. (உருவப்படம் குறித்த ஃபிக்ஹு விவாதம் தனிக் கட்டுரைக்கு உரியது.)

உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்ட நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு திர்ஹம் வீட்டு உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. நிவாரணச் சுவரொட்டி முதல் திர்ஹத்தைக் கேட்கிறது. 1909-இன் அந்த இருண்ட மூலையில் அமர்ந்திருப்பவனோ இரண்டாவது திர்ஹத்துக்காகக் காத்திருக்கிறான்.